குனிஞ்சாதான் வரும் பாட்டு: ராஜபாளையத்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனைத் தெரியுமா?

2025-ல கூமாப்பட்டி ரீல்ஸ் பார்த்துட்டு பிளவக்கல் அணைக்குக் கிளம்பின கூட்டத்துல உங்க ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேராவது இருந்திருப்பாங்க. கிருஷ்ணன்கோவில்ல திரும்பி வத்திராயிருப்பு தாண்டினா வயல், அதுக்குப் பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை. வீடியோவுக்கு அம்சமான இடம்தான். ஆனா, அந்த வயல்கள்ல ஒரு காலத்துல இருந்து இப்போ காணாமப்போன ஒண்ணு எந்த ரீல்ஸ்லயும் இல்லை. நாத்து நடுறப்போ பெண்கள் பாடின பாட்டு.

என் அப்பத்தா அந்தப் பக்கம்தான். வயசுல இருந்தப்போ நாத்து நட்டவங்க. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு "அப்பத்தா, நடவுப் பாட்டு ஒண்ணு பாடேன்"னு கேட்டேன். திண்ணையில உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தாங்க. "எல்லாம் மறந்து போச்சு தாயி"ன்னு முடிச்சுட்டாங்க. சாயங்காலம் கொல்லையில கத்திரி நாத்து ஊன்றதுக்குக் குனிஞ்சாங்க. தன்னால ஒரு முணுமுணுப்பு ஆரம்பிச்சது. நான் ஓடிப்போய் போனை எடுத்துட்டு வர்றதுக்குள்ள பாதி போயிடுச்சு. நிமிர்ந்து இடுப்பைப் பிடிச்சதும் மீதியும் நின்னுடுச்சு. கிடைச்சது இருபது செகண்ட்.

இந்த அனுபவம் எனக்கு மட்டுமில்லை, நாட்டுப்புறப் பாட்டைத் தேடிப் போன எல்லாருக்கும் வாய்ச்சதுதான். அப்படித் தேடிப்போன ஒருத்தர் நம்ம ராஜபாளையத்துலயே பிறந்தவர், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். 2018-ல பத்மஸ்ரீ வாங்கினப்போதான் நிறைய பேர் இந்தப் பேரைக் கூகுள் பண்ணினாங்க. அதே பட்டியல்ல இளையராஜாவுக்கு பத்மவிபூஷண். ஹெட்லைன் யாருக்குப் போயிருக்கும்னு சொல்லணுமா என்ன?

விஜயலட்சுமி மேடையில பாடுறவர் மட்டும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல நாட்டுப்புறக் கலைகளுக்கான பேராசிரியரா இருந்தவர். கணவர் நவநீதகிருஷ்ணனும் இதே துறையில ஆய்வாளர், பாடகர். ரெண்டு பேரும் ஊர் ஊராப் போய் பாட்டைச் சேகரிச்சாங்க. அதை எழுதி வச்சாங்க, கத்துக்கிட்டாங்க, ஜோடியா மேடையேறிப் பாடவும் செஞ்சாங்க. ஆராய்ச்சி பண்றவங்க பொதுவா பாட மாட்டாங்க, பாடுறவங்க ஆராய்ச்சிப் பக்கம் போக மாட்டாங்க. ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ள வச்சிருந்ததுதான் இவங்க விசேஷம்.

இவங்களுக்கு முன்னாடியும் ஆள் இருந்தாங்க. சார்லஸ் கோவர்ங்கிற வெள்ளைக்காரர் 1871-லயே தென்னிந்திய நாட்டுப்புறப் பாடல்களை ஆங்கிலத்துல புத்தகமாப் போட்டார். கி.வா.ஜகந்நாதனோட 'மலையருவி' 1958-ல வந்தது. நா.வானமாமலை 1960-கள்ல பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆனா அதெல்லாம் அச்சு. மெட்டு காகிதத்துல நிக்காது. இழுக்கிறது, மூச்சு வாங்குறது, நடுவுல குலவை போடுறது இதையெல்லாம் எப்படி எழுதுவீங்க? ஒருத்தர் தொண்டைக்கு மாத்தினாதான் உண்டு. விஜயலட்சுமி அதைத்தான் செஞ்சார்.

வேலை போனா பாட்டும் போச்சு

சினிமாப் பாட்டைக் கேட்கிற மாதிரி இந்தப் பாட்டை நினைச்சுடாதீங்க. பாதிக்கு மேல இது ஒரு கருவி. ஏத்தம் இறைக்கிறவர் பாட்டுக்குள்ளேயே எத்தனை சால் இறைச்சோம்னு கணக்கு வச்சுக்குவார். நடவுப் பாட்டுல வரிசையா நிக்கிற பெண்களோட கை ஒரே தாளத்துக்கு வரும். யாரும் முந்தாம, பிந்தாம நட முடியும். முதுகு வலி கொஞ்சம் மறக்கும். கங்காணி மேல இருக்கிற கோபத்தை, அவர் காதுல விழுற மாதிரியே ஜாடையா சொல்லவும் முடியும்!

அதனால, வேலை போனப்போ பாட்டும் கூடவே போச்சு. பம்பு செட் வந்தது, ஏத்தப் பாட்டு நின்னது. நடவு மெஷின் வந்த வயல்ல குனியுறதுக்கே ஆள் இல்லை. இன்னும் கையால நடுற இடத்துலயும் வரப்புல ஒரு போன் சினிமாப் பாட்டு பாடிட்டு இருக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நாள் முழுக்கச் சேத்துல நின்ன என் அப்பத்தாகிட்ட 'மெஷின் வந்ததால பாட்டு போச்சே'ன்னு சொல்லிப் பாருங்க, என்ன திட்டு கிடைக்கும்னு எனக்குத் தெரியும்.

உலகத்துல வேற இடத்துல இது வேற மாதிரி நடந்திருக்கு. குர்து மக்கள்கிட்ட 'டெங்பேஜ்'னு கதைப் பாடகர்கள் உண்டு. பக்கவாத்தியம் இல்லாம வெறும் குரல்ல ஊர்க் கதையைப் பாடுறவங்க. ஆனா, துருக்கியில குர்து மொழியில பாட்டு வெளியிடவே 1991 வரைக்கும் சட்டப்படி முடியாது. ஷிவான் பெர்வர்ங்கிற பாடகர் 1976-ல நாட்டைவிட்டே போனவர், 2013-லதான் திரும்பி வந்து தியார்பக்கிர்ல பாடினார். நடுவுல அவர் கேசட்டுகளை ஜனங்க ஒளிச்சு வச்சுக் கேட்டாங்க. அங்கே தடை போட்டாங்க, அதனாலேயே பாட்டைப் பொத்திப் பாதுகாத்தாங்க. இங்கே யாரும் தடை போடலை. யாரும் பொத்தி வைக்கவும் இல்லை.

மேடைக்கு வந்தா என்ன ஆகும்?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தும். வயல்ல பாட்டுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. வரப்பு வந்தா முடியும். மேடையில அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சாகணும், கைத்தட்டு வரணும், தவிலும் உறுமியும் சேரணும். பண்ணையாரை வையுறது, பச்சையான கேலி எல்லாம் பொதுவா கழண்டு விழுந்துடும். டிவிக்கு வந்தா இன்னும் சுத்தமாகிடும். பாட்டு பிழைக்கும், ஆனா பல் பிடுங்கின பாட்டா பிழைக்கும். இதையும் மீறி, மேடைக்கே வராத பாட்டு இன்னிக்கு நம்ம காதுக்கு வந்திருக்குமான்னு கேட்டா, வந்திருக்காதுதான்.

இன்னொண்ணு காசு. பேராசிரியர் வேலையில இருந்தா சம்பளம், பென்ஷன் உண்டு. வெறும் குரலை மட்டும் நம்பினவங்க நிலைமை வேற. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில பாடி, 1985-ல 'ஆண்பாவம்' படத்துல நடிச்சு ஊருக்கே தெரிஞ்ச முகமானவர். 2025 ஜூன்ல இறந்தார். மதுரைப் பக்கத்து பரவை முனியம்மா 2003-ல 'தூள்' படத்துல கலக்கினவர். வயசான காலத்துல உடம்பு முடியாம கஷ்டப்பட்டார். அரசு உதவித்தொகை கொடுத்த பிறகும் அந்தக் கஷ்டம் முழுசாத் தீரலை. 2020 மார்ச்ல காலமானார். இவங்களுக்கெல்லாம் முன்னாடி அதே பாட்டை வரப்புல பாடின பெண்களுக்குப் பேரே இல்லை. புத்தகத்துல 'பாடியவர்'னு ஒரு வரி இருந்தாலே பெரிய விஷயம்.

உங்க வீட்டுல பாட்டி இருந்தா நீங்களும் முயற்சி பண்ணலாம். உட்கார வச்சுக் கேட்காதீங்க, மறந்து போச்சுன்னுதான் வரும். தொட்டில் பக்கத்துல, அம்மி பக்கத்துல, கொல்லையில கை வேலையா இருக்கிறப்போ பக்கத்துல இருங்க. ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டுடாதீங்க. நல்லா இருக்கிற வீட்டுல ஒப்பாரி ஆகாதுன்னு நினைப்பாங்க, சண்டை வந்துடும். தோட்டத்துக்கோ ஊருக்கு வெளியவோ போய்க் கேளுங்க. தப்பாப் பாடினா திருத்தாதீங்க, அது தப்பாவே இருக்காது. ஃபைலுக்கு அவங்க பேரு, ஊரு, தேதி மூணையும் அன்னிக்கே போட்டுடுங்க.

என் போன்ல இருக்கிற அந்த இருபது செகண்ட் இன்னமும் 'நியூ ரெக்கார்டிங் 14'ன்னுதான் கிடக்கு. இதை எழுதி முடிச்சதும் மாத்தணும்.