ஹாட் டப்பில் கண் எரிகிறதா? சமையல் சோடா கைகொடுக்கும்!

"தண்ணி என்னமோ பளிங்கு மாதிரிதான் இருக்கு. ஆனா கண்ணு எரியுதேடி!"

கனடாவின் வான்கூவர் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அம்மா மூன்றாவது நாள் சொன்ன வார்த்தை இது.

அந்த ஊர்க் குளிருக்கு, வீட்டுப் பின்கட்டில் 'ஹாட் டப்' வைத்துக்கொள்வது சகஜம். நாலைந்து பேர் உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி. மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும். அம்மாவின் மூட்டுவலிக்கு அதில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சொர்க்கம். ஆனால் கண் எரிச்சலும் தோல் அரிப்பும் சேர்ந்து வந்ததும், "எனக்கு இது வேண்டாம்பா" என்று ஒதுங்கிவிட்டார்.

"குளோரின் அதிகமாயிருக்கும்மா" என்றாள் அக்கா. சோதனைப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தோம். குளோரின் சரியாகவே இருந்தது. பி.ஹெச்.தான் பட்டையின் கடைசி நிறத்தில், 6.8-ல் நின்றது. அதாவது, தண்ணீர் அமிலமாகியிருந்தது!

6.8 என்றால் என்ன?

தண்ணீர் அமிலமா, காரமா என்று சொல்லும் அளவுகோல்தான் பி.ஹெச். 1909-ல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் உருவாக்கியது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். நம் கண்ணீரின் பி.ஹெச். சுமார் 7.4. ஹாட் டப் தண்ணீர் 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும் என்பதும் அதையொட்டித்தான்.

'7.2-க்கும் 6.8-க்கும் பெரிய வித்தியாசமா?' என்று தோன்றும். ஆனால், பி.ஹெச். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். இன்னொன்று, சில பட்டைகளில் 6.8-க்குக் கீழே நிறமே கிடையாது. அப்படிப்பட்ட பட்டை 6.8 காட்டினால், உண்மையில் அதற்கும் கீழே இருக்கலாம்.

அமிலத் தண்ணீர் கண்ணோடும் தோலோடும் நிற்பதில்லை. ஹீட்டர் கம்பி, பம்ப்பின் உலோகப் பாகங்கள், ரப்பர் வளையங்கள் என்று ஒவ்வொன்றாக அரிக்கும். போட்ட குளோரினும் சீக்கிரம் காலியாகும். குளோரின் இல்லாத வெந்நீர் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோலில் சிவப்புக் கொப்புளம் வரவழைக்கும் சூடோமோனாஸும், நீராவியோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லாவும் இப்படித்தான் பெருகுகின்றன.

யார் குற்றவாளி?

முதல் காரணம், ஊர்த் தண்ணீர். வான்கூவர் பகுதிக்கு கேபிலானோ, சீமோர், கொக்விட்லம் என்ற மூன்று நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் வருகிறது. எல்லாம் மழையும் பனி உருகிய நீரும். உப்பு மிகக் குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும், தலைமுடிக்கு நல்லது. ஆனால் அமிலம் சேர்ந்தால் தாக்குப்பிடிக்கும் சக்தி அதில் குறைவு. அந்தச் சக்திக்கு 'ஆல்கலினிட்டி' என்று பெயர். பி.ஹெச். குதிக்காமல் பிடித்து வைக்கும் நங்கூரம் அது. 80 முதல் 120 பி.பி.எம். வரை இருக்க வேண்டும். அக்கா வீட்டில் 40!

இரண்டாவது காரணம் மாமா. நீச்சல் குளத்துக்கான பெரிய குளோரின் மாத்திரை கடையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி, தொட்டியில் மிதக்கவிட்டிருந்தார். அது 'ட்ரைக்ளோர்' வகை. கடும் அமிலத்தன்மை உள்ளது. பல்லாயிரம் லிட்டர் குளத்துக்குப் பொருந்தும் மாத்திரை, 1,500 லிட்டர் தொட்டிக்கு எப்படிப் பொருந்தும்? முதல் வேலையாக அதை வெளியே எடுத்தோம்.

சரிசெய்தது இப்படித்தான்

முதலில் ஆல்கலினிட்டி, பிறகுதான் பி.ஹெச். இந்த வரிசை முக்கியம். நங்கூரம் போடாமல் பி.ஹெச்.சை மட்டும் ஏற்றினால், நாலு நாளில் மறுபடி இறங்கிவிடும்.

ஆல்கலினிட்டியை ஏற்ற, ஆப்ப மாவில் போடும் அதே சமையல் சோடா போதும். 1,000 லிட்டர் தண்ணீரில் 10 பி.பி.எம். ஏற்ற சுமார் 17 கிராம் தேவை. அக்கா வீட்டுத் தொட்டிக்கு 40-லிருந்து 80-க்குக் கொண்டுபோக சுமார் 100 கிராம். அதை ஒரேயடியாகக் கொட்டவில்லை. 50 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மோட்டார் ஓடும்போது சுற்றி ஊற்றினோம். சில மணி நேரம் கழித்துச் சோதித்துவிட்டு, மீதி 50 கிராம். ஒன்று கவனம்: பேக்கிங் பவுடர் வேறு, சமையல் சோடா வேறு. பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

ஆல்கலினிட்டி 80-க்கு வந்தது. பி.ஹெச். கொஞ்சம்தான் ஏறியது. "இன்னும் ரெண்டு கரண்டி போடேன்" என்றார் அம்மா. தேவைப்படவில்லை. அடுத்த மருந்து வெறும் காற்று!

கோலி சோடாவை உடைத்ததும் நாக்கில் சுருக்கென்று ஏறும் இல்லையா? அது தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு தரும் புளிப்பு. திறந்தே வைத்திருந்தால் வாயு பறந்து, சுருக்கும் போய்விடும். தொட்டியிலும் அதேதான். மூடியைத் திறந்து, காற்றுக்குழாய்களைத் திருகிவிட்டு, தண்ணீரைக் குமிழியடிக்க விட்டோம். கரைந்திருந்த வாயு வெளியேற வெளியேற பி.ஹெச். தானாக ஏறியது. மறுநாள் சாயங்காலம் 7.4!

அப்படியும் ஏறாவிட்டால் சோடியம் கார்பனேட் இருக்கிறது. சலவை சோடா என்போமே, அதேதான். ஹாட் டப்புக்கென்று விற்பதையே வாங்குங்கள். சமையல் சோடாவைவிடப் பல மடங்கு வீரியம். பாக்கெட்டில் சொன்னதில் பாதியை மட்டும் முதலில் போடுங்கள். அவசரப்பட்டால் பி.ஹெச். மறுபக்கம் எகிறி, தண்ணீர் பால் போலக் கலங்கிவிடும்.

இதையெல்லாம் மறக்காதீர்கள்

* ரசாயனத்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீரில்தான் ரசாயனத்தைப் போட வேண்டும்.

* குளோரினையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரினையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். தீப்பற்றலாம்.

* மருந்து போட்டதும் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். தேங்கும் வாயு மூடியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும்.

* மறுபடி சோதித்துப் பார்க்கும்வரை யாரும் இறங்க வேண்டாம்.

* சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்காதீர்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

* தண்ணீரை 3, 4 மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

நம்மூரில் ரிசார்ட்டிலோ, பண்ணை வீட்டிலோ இப்படித் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். அங்கே பெரும்பாலும் பி.ஹெச். ஏறுவதுதான் தொல்லை. அதற்குச் சோடா போட்டால் காரியம் கெட்டுவிடும். எந்த ஊரானாலும் முதலில் பட்டை, பிறகுதான் மருந்து. தண்ணீர் தெளிவாக இருப்பது மட்டும் சாட்சியாகாது.

அன்று இரவு அம்மா மறுபடி தொட்டியில் இறங்கினார். பத்து நிமிடம் கண் மூடி உட்கார்ந்திருந்தார். எரிச்சல் இல்லை.

இப்போதும் கனடாவுக்கு வீடியோ கால் போட்டால், நலம் விசாரித்த கையோடு அம்மா கேட்கும் கேள்வி: "மாப்பிள்ளை, இந்த வாரம் பட்டை பார்த்தாச்சா?"