அலைச் சறுக்கும் ஆறு மாத உத்தியோகமும்

பனிமலையைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள் நம்மிற் பலர். மேனாடுகளில் மாரி வந்ததும் மலைச் சரிவுகளிற் பனி படியும். அதன்மேற் சறுக்கி விளையாட ஆயிரக்கணக்கானோர் வந்து குவிவர். அவர்களை உபசரிக்க விடுதிக் கம்பனிகள் ஆட்களைச் சேர்க்கும்; பனி உருகியதும் அனுப்பிவிடும். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் இவ்வுத்தியோகம் நமக்குப் புதியதோ எனின், அன்று. கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றையும் திருக்கோவிலையும் கடந்து பொத்துவிலை அடைந்தால், அறுகம்பையில் அதனைக் காணலாம். அங்கே சறுக்குவது பனியில் அன்று, அலையில்!

இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் நெடுந்தூரம் கடந்து நமது கரைக்கு வருகின்றன. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று அவற்றின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கின்றது. இதனைக் கண்டறிந்த வெளிநாட்டு இளைஞர்கள் 1970ஆம் ஆண்டுகளில் அறுகம்பைக்கு வரத் தொடங்கினர். இன்று சித்திரை தொட்டு ஐப்பசி வரை அவ்வூருக்குச் 'சீசன்'.

சீசனில் வேலைநாள் சுபஹுத் தொழுகையோடு தொடங்கிவிடுகின்றது. காற்று வலுக்குமுன் அலையிற் சறுக்க வேண்டுமென விருந்தினர் அவசரப்படுவர். முச்சக்கர வண்டியின் கூரையிற் பலகைகளைக் கட்டிப் பொத்துவில் முனைக்கோ, தெற்கே பாணமைப் பக்கத்துக்கோ அவர்களைக் கொண்டு செல்ல வேண்டும். அலை பழக்கும் ஆசிரியர், சமையற்காரர், அறை துப்புரவு செய்வோர், வரவேற்பு மேசையில் நிற்போர் என ஒவ்வொருவருக்கும் இரவு வரை ஓய்வு அரிது. சம்பளத்தோடு, கணக்குச் சீட்டில் வழக்கமாகச் சேர்க்கப்படும் 10 வீதச் சேவைக் கட்டணத்திற் பங்கும், விருந்தினர் மனமுவந்து தரும் சந்தோஷப் பணமும் கிடைப்பதுண்டு. புத்தகத்திற் படிக்கும் ஆங்கிலம் நாவிற் படிவதும் இங்கேதான்.

ஆயினும், மகன் அங்கே வேலைக்குப் போகிறேன் என்றதும் வாப்பாவும் உம்மாவும் தயங்குவது ஏன்? ஜும்ஆ நேரமும் மதிய உணவுக்கு விருந்தினர் கூடும் நேரமும் ஒன்றாகின்றன. சில விடுதிகளில் மதுவும் பரிமாறப்படுகின்றது. சேருமுன்னரே இவற்றைப் பற்றிப் பேசி, தமக்கு ஒவ்வாத வேலையை விலக்கி, வாகனம், சமையல், கணக்கு என வேறு பிரிவைக் கேட்டுக் கொள்வதே விவேகம். பின்னர் முரண்படுவதிலும் முன்னர் சொல்வது மேல்.

வாடைக்காற்று தொடங்கி மழை இறங்கியதும் சீசன் முடிகின்றது. வயலுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரும்போக விதைப்புக் காலம். ஒரு தொழில் ஓய்கையில் மற்றது கைகொடுக்கும். வயலில்லாதவர் சிலர் அப்போது பருவம் தொடங்கும் வெலிகம, ஹிக்கடுவை முதலிய தென்கரை ஊர்களை நாடுவர். எஞ்சியோர் சேமிப்பைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். சீசனே பொய்த்துவிட்டாலோ? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அறுகம்பையைச் சிதைத்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் விருந்தினர் வரவு வீழ்ந்தது. 2020இல் கொள்ளை நோயால் விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருளுக்கு வரிசை. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஓர் எச்சரிக்கையே பலரைத் திருப்பியனுப்பியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பர். ஆறு மாத உத்தியோகத்துக்குச் சொல்லவும் வேண்டுமோ?

செல்வ நாட்டிலும் பருவகால ஊழியரின் பாடு இலேசானதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டிப் பனிச்சறுக்குத் தலத்திற் பாதுகாப்புப் பணிபுரியும் ஏறக்குறைய 200 பேர், 2024 டிசம்பர் இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். 21 டொலராக இருந்த ஆரம்ப மணிக்கூலியை 23 டொலராக்குமாறு கேட்டனர். விடுமுறைக் கூட்டம் நிரம்பிய அவ்வேளையில் மலையின் பெரும்பகுதி திறக்கப்படாது கிடந்தது. இரண்டு வாரம் முடியுமுன் கம்பனி இணங்கியது. அவர்களிடம் சங்கமிருந்தது, எழுத்திலே ஒப்பந்தமிருந்தது.

நம் பிள்ளைகளிற் பலர் வாய்ச் சொல்லை நம்பியே வேலைக்குச் சேர்கின்றனர். தற்காலிக ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உரியது என்பதை அவர்கள் அறிய வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட அந்நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளி 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்துதல் வேண்டும். ஆறு மாத வேலையானாலும் இப்பணம் ஊழியருடையதே. அதனைக் கேட்பது முதலாளியோடு பகைப்பதாகாது.

ஆகவே, அடுத்த சீசனுக்குப் புறப்படும் இளைஞர்கள் நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. சேமலாப நிதி இலக்கத்தைக் குறித்து வைக்க. வரும் பணத்திற் பாதியை மழைக்காலத்துக்கென ஒதுக்குக. அலை எழும்பும்போதே அது விழும் என்பதையும் அறிந்தவனே பலகையில் நிலைத்து நிற்கின்றான். உத்தியோகத்துக்கும் அதுவே பொருந்தும்.