சருகு எந்தத் தெருவிலிருந்து வந்தது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. மறுநாள் அசோக் நகரில் எங்கள் தெருவில் நடக்கவே இடமில்லை. நூறடி சாலைப் பக்கம் விழுந்த மரத்தை அறுத்துப் போட்டிருந்தார்கள். அறுத்த முகத்தில் இருந்த வளையங்களை எண்ண உட்கார்ந்துவிட்டேன். பேங்கில் வருஷக்கணக்கா பாஸ்புக் பார்த்த கை, சும்மா இருக்குமா?

மரமும் ஒரு பாஸ்புக்தான். ஆண்டுக்கு ஒரு வளையம் போடும் மரங்களில், காற்றிலும் மண்ணிலும் இருந்த ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களில் கொஞ்சம் கட்டைக்குள் பதிவாகும். ஆய்வாளர்கள் மரத்தை வெட்டாமல், குழல் போன்ற துளைக்கருவியால் பென்சிலைவிட மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து, வளையம் வளையமாகச் சோதிக்கிறார்கள்.

ஆனால் எல்லா மரமும் கணக்கு எழுதாது. தென்னை, பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. நம் வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக விழாது. தேக்கு நன்றாகக் காட்டும். அதிலும் ஈயம் சாற்றோடு பக்கத்து வளையத்துக்கு நகரக்கூடும். நான் எண்ணியதும் பாதியில் குழம்பிப்போச்சு.

வளையம் இல்லாவிட்டால் வேறு சாட்சி உண்டு. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகு, ஹைதராபாத்திலிருந்து வந்த அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரப்பட்டைகளில் இருந்த பாசியையும், நம் மசாலாவில் போடும் கல்பாசி வகையையும் சோதித்தார்கள். கல்பாசிக்கு வேர் இல்லை. அதற்கு வருவதெல்லாம் காற்றும் மழையும் கொண்டுவருவதுதான். தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கத்தைவிடக் கொடை ஏரிப் பக்கம் பாதரசம் கூடுதலாக இருந்தது. காற்றில் போனதை மரத்தின் மேல் வளர்ந்தது காட்டிக்கொடுத்தது.

அசோக் நகர் காற்றில் கலந்தது பெட்ரோல் ஈயம். சென்னையில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க அதுதான். அதன்பின் காற்றில் ஈயம் குறைந்தது. மண்ணில் விழுந்தது அப்படிப் போகாது. மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டு கிடக்கும்.

இதை ஏன் சொல்கிறேன்? செய்யூர் பக்கம் இருக்கும் என் நிலத்துக்கு, இரண்டு வருஷம் எங்க தெருச் சருகையும் சாலையோரக் கூட்டல் மண்ணையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் மூடாக்கு போட்டேன். இனாமா கிடைக்குதேன்னு பெருமை வேற! பக்கத்து நிலத்துக்காரர்தான் கேட்டார்: "மேனேஜர் சார், யூரியா வேணாம்னு சொல்றீங்க, இந்த மெட்ராஸ் புழுதி மட்டும் பரவாயில்லையா?" பதில் சொல்ல வரவில்லை.

ஈயம் மட்காது. குப்பை மட்கிக் குறையக் குறைய, உள்ளிருக்கும் உலோகத்தின் செறிவு கூடத்தான் செய்யும். மண்வள அட்டைச் சோதனையில் ஈயம் சேராது; ஆய்வகத்தில் தனியாகக் கேட்டு, கட்டணம் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

மாடித்தோட்டக்காரர்களும் கவனிக்கணும். பெருஞ்சாலையோரச் சருகும் மண்ணும் வேண்டாம். சந்தேகமான மண்ணில் கீரையும் கிழங்கும் தவிருங்கள். கத்தரி, வெண்டை போன்ற காய்களில் ஈயம் குறைவாகவே ஏறும். நல்ல மட்கு நிறையச் சேர்த்து, மண் புளிக்காமல் பார்த்துக்கொண்டால் ஈயம் வேருக்கு எளிதில் கிடைக்காது. கீரையைப் புழுதி போக அலசுங்கள்.

நான் அந்தப் பாத்தியில் இப்போது கீரை போடுவதில்லை. மூடாக்குக்கு என் வரப்புக் கிளுவையும் கிளைரிசிடியாவும் போதுகிறது. நாம் எதைத் தெளிக்கவில்லை என்பது பாதிக் கணக்குதான். வெளியிலிருந்து எதை உள்ளே கொண்டுவந்தோம் என்பது மீதிக் கணக்கு.