பேர வாவி ஏன் பச்சையாகிறது?

கொம்பனித்தெருப் பக்கமாகச் செல்வோர் பேர வாவியின் பச்சை நிறத்தையும் அதன் துர்நாற்றத்தையும் நன்கறிவர். மைக்ரோசிஸ்டிஸ் எனப்படும் நீலப்பச்சைப் பாசி மிதமிஞ்சிப் பெருகுவதாலேயே இந்நிறம் ஏற்படுகின்றது. உயிர் குன்றியதால் அன்றி, ஒருவகை உயிர் அளவுக்கதிகமாகத் தழைத்ததால் நோயுற்ற நீர்நிலை இது.

சூழற்றொகுதி ஒன்றில் சக்தி ஒரு வழியாலும் போசணைப் பொருட்கள் வேறொரு வழியாலும் பயணிக்கின்றன. வாவியில் சூரிய ஒளியைப் பாசி உணவாக்குகின்றது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் பாசியை உண்கின்றது; மீனைக் கூழைக்கடா உண்கின்றது. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சக்தியே அடுத்த உயிரைச் சென்றடைகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறி விடுகின்றது. அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் 1942 இல் வெளியிட்ட கட்டுரையே இச்சிந்தனைக்கு அடித்தளமிட்டது. இழந்த சக்தி மீள்வதில்லை. ஆயினும் மறுநாளும் சூரியன் உதிப்பதால் அதனால் பாதகமில்லை.

போசணைப் பொருட்களின் கதை வேறு. இறந்த உடல்களைப் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் பிரித்து நைதரசனையும் பொசுபரசையும் மீண்டும் நீருக்கு வழங்குகின்றன. மேலதிக நைதரசனுக்கு ஒரு வெளிவாயில் உண்டு. ஒட்சிசனற்ற சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வளிமண்டலத்துக்கு அனுப்பிவிடும். பொசுபரசுக்கோ அத்தகைய வாயில் இல்லை. வடிகால்கள் வழியே வந்துசேரும் மலக்கழிவும் சவர்க்கார நீரும் கொணரும் பொசுபரசு அடிச்சேற்றிற் படிகின்றது. அடிநீரில் ஒட்சிசன் குறையும்போது அது மீண்டும் கரைந்து பாசிக்கு உணவாகின்றது. இதனாலேயே வடிகால்களை இன்று அடைத்தாலும் வாவி நாளையே தெளிந்துவிடாது. இரவிற் பாசியும் சுவாசிப்பதால் விடியுமுன் ஒட்சிசன் மிகவும் தாழ்கின்றது. மீன்கள் கூட்டமாக மடிந்து மிதப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கால்வாய்களை மூடி வளரும் ஆகாயத்தாமரையும் இதே போசணையைத்தான் உண்கின்றது. அதனை ஒழிப்பதற்கென 1909 இலேயே இங்கு சட்டம் இயற்றப்பட்டது. அதனை அகற்றினால் பொசுபரசும் உடன் அகலும். வெட்டிக் கரையிலேயே குவித்துவிட்டால் அடுத்த மழையில் அழுகிய சாறு கால்வாய்க்கே திரும்பும். பணம் செலவாகும், பயன் கிட்டாது.

கொழும்பைச் சூழ்ந்துள்ள சதுப்பு நிலங்கள் இப்பணியைச் செலவின்றிச் செய்துவந்தவை. அவற்றின் பெறுமதி கருதியே 2018 ஒக்டோபரில் ராம்சார் சாசனத்தின் கீழ் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. எனினும் நிலம் நிரப்புவோருக்கு அவை வெற்றுக் காணிகளாகவே தெரிகின்றன.

இந்தப் பொசுபரசு எங்கிருந்து வந்தது? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உலையேறும் அரிசி பொலன்னறுவையிலோ வவுனியாவிலோ விளைந்திருக்கலாம். அந்த வயலின் பொசுபரசு அரிசியோடு தலைநகருக்கு வந்துவிடுகின்றது, திரும்பிச் செல்வதில்லை. அந்த வெற்றிடத்தை இறக்குமதி உரம் நிரப்புகின்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது வயல்கள் எவ்வளவு தூரம் அதனை நம்பியிருந்தன என்பதை நெல் விளைச்சலின் வீழ்ச்சி காட்டிற்று. நகரின் கழிவுநீரோ முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்களின் வழியே வெளியேற்றப்பட்டு வந்துள்ளது. கடலடியிற் படியும் பொசுபரசு மீண்டும் நிலமாக மேலெழுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் செல்லும்.