செஞ்சிப் பாறையும் வெள்ளியின் லாவாவும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம்: இத்தனை பாறையையும் யார் கொட்டியது? எரிமலை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. கீழே கிடக்கும் ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், படிகங்கள் தனித்தனியாக மின்னும். பூமிக்கடியில் ஆற அமர ஆறிய கருங்கல் அது. பிறகு வெடிப்பு விட்டு, வெயிலும் மழையும் தின்று உருண்டைகளாயிற்று. வெளியே வழியும் லாவாவோ சீக்கிரம் இறுகிவிடும். படிகம் பெரிதாக நேரம் கிடையாது. 2025இல் செஞ்சியோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ராய்கட் கோட்டைதான் லாவா மேல் நிற்கிறது.

வெள்ளிக் கோளில் இப்படிச் சில்லெடுத்துப் பார்க்க முடியாது. மேகம் கலையவே கலையாது; கேமராவுக்கு வேலையில்லை. அதனால் 1990இல் அங்கே போய்ச் சேர்ந்த மகெல்லன் விண்கலம் ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலியைக் கேட்டது. செஞ்சிக்கு மேலே அது பறந்திருந்தால், உருண்டைப் பாறைக் குவியல் அலைகளை நாலாபுறமும் சிதறடித்து வெள்ளையாகத் தெரிந்திருக்கும். காற்றில்லாத நாளில் அங்குள்ள செட்டிக்குளமோ அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் தள்ளிவிட்டுக் கறுப்பாகக் கிடக்கும். லாவாவுக்கும் இதே கணக்குதான். கரடுமுரடானது வெளுப்பு, வழவழப்பானது கறுப்பு. கரடான லாவாவுக்கு ஹவாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆஆ'. வெறுங்காலோடு அதன் மேல் நடந்தவர்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்!

ஆக, ரேடார் காட்டுவது சொரசொரப்பை, நிறத்தை அல்ல. வெள்ளிப் படங்களில் நாம் பார்க்கும் ஆரஞ்சு நிறம் பிற்பாடு பூசியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திருவண்ணாமலைச் சாலையிலிருந்து பார்த்த ராஜகிரியும் திண்டிவனம் பக்கமிருந்து பார்த்த ராஜகிரியும் ஒன்றுபோலவா இருக்கின்றன? ரேடார் படமும் அப்படித்தான், கோணம் மாறினால் மாறும். 1991இல் வெள்ளியின் மாட் மோன்ஸ் எரிமலைப் பகுதியை மகெல்லன் எட்டு மாத இடைவெளியில் இரண்டு முறை, வெவ்வேறு கோணத்தில் படமெடுத்தது. முதல் படத்தில் ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டராக இருந்த எரிமலை வாய், அடுத்ததில் இரு மடங்கு. முப்பது ஆண்டு கழித்துப் பழைய படங்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டு விஞ்ஞானி ராபர்ட் ஹெரிக் இதைப் பிடித்தார். கோணம் செய்த மாயமோ என்று கணினியில் பல வடிவங்களை வைத்துச் சோதித்த பிறகே, 2023இல், வாய் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று அறிவித்தார்கள்.

இஸ்ரோவின் வெள்ளிப் பயணத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தக் கலத்திலும் ஒரு ரேடார் போகிறது.