உங்களுக்குத் தெரியுமா? சோளன் வெட்டும் மெசின்

நாவிதன்வெளி வட்டைகளில் வேளாண்மை வெட்டும் மெசினைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது புதினம்: அதே மெசினில் பூட்டுகிற சோளன் ஹெட், நெல் ஹெட்டைப் போலக் கத்தியால் அரிந்து எடுப்பதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று தண்டைக் கீழே இழுக்கின்றன. உருளைகளுக்கு மேலே இரண்டு தகடுகள், நடுவில் ஒடுங்கிய வெளி. தண்டு அதற்குள்ளால் இறங்கிவிடும். பொத்தி இறங்காது; தகட்டில் இடிபட்டு முறிந்து மேலேயே நிற்கும். சங்கிலி அதை மெசினுக்குள் கொண்டுபோகும். தண்டும் இலையும் பெரும்பாலும் வயலிலேயே கிடந்து மண்ணுக்குப் பசளையாகும்.

*

தகடுகளுக்கு நடுவிலுள்ள அந்த வெளியின் அளவு 30 முதல் 35 மில்லிமீற்றர் வரைதான். பின்பக்கம் மட்டும் சுமார் 3 மில்லிமீற்றர் கூடுதலாக வைப்பார்கள், இல்லையென்றால் தண்டு சிக்கும். அதிகம் அகன்றால் பொத்தியின் அடி உருளையில் பட்டு மணிகள் அங்கேயே உதிர்ந்துவிடும். அதிகம் ஒடுங்கினால் இலையும் முறிந்த தண்டும் பொத்தியோடு சேர்ந்து உள்ளே போய்ச் சூடடிக்கும் பகுதியை அடைக்கும். மழை பொய்த்த போகத்தில் தண்டும் மெல்லியது, பொத்தியும் சிறியது. போன வருடத்து அளவை அப்படியே விட்டு வயலில் இறக்கினால் நட்டம் உங்களுக்குத்தான். ஓட்டுநரிடம் கேட்டு, வயலிலுள்ள தண்டையும் பொத்தியையும் காட்டி அளவு வைக்கச் சொல்லுங்கள்.

*

எந்த ஹெட் பொருந்தும் என்பது விதைக்கிற அன்றே முடிவாகிவிடுகிறது. இலங்கை விவசாயத் திணைக்களம் சோளனுக்குச் சொல்லும் இடைவெளி 60 × 30 சென்ரிமீற்றர். வெளிநாட்டு ஹெட்டுகளில் பெரும்பாலானவை 75 அல்லது 76 சென்ரிமீற்றர் வரிசைக்குச் செய்யப்பட்டவை. 60இல் நட்ட வயலுக்குள் 75இன் ஹெட்டை விட்டால் தண்டு பக்கவாட்டில் வளைந்து, பொத்தி தகட்டுக்கு வர முன்னமே கழன்று விழும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: 75 × 24 சென்ரிமீற்றரில் நட்டாலும் ஏக்கருக்கு அதே 22,000 சொச்சம் கன்றுகள் வரும். வரிசை பாராமல் எடுக்கும் ஹெட்டுகளும் உண்டு. ஆனால் நம் பக்கம் வரப்போகிற மெசின் எது என்று, கயிறு பிடித்துக் குழி போடுவதற்கு முன்பே விசாரித்துவிடுவதுதான் நல்லது.

*

ட்ரக்டரில் பூட்டிய விதைப்பியால் நான்கு வரிசை விதைத்தால், இரண்டு அல்லது நான்கு வரிசை ஹெட் சரிவரும். மூன்று வரிசை ஹெட் சரிவராது. விதைப்பி திரும்பி வரும் இடத்தில் இரு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் எப்போதும் சற்றுப் பிசகும்; மூன்று வரிசை ஹெட் அந்தப் பிசகின் மேலாகப் போக நேரும்.

*

மணியின் அடி நுனியைக் கிள்ளிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் சோளன் முற்றிவிட்டது. ஆனால் அப்போது ஈரம் 30 வீதத்துக்கு மேலும் இருக்கலாம். மெசினுக்கு ஏற்றது 20 முதல் 25 வீதம். அதற்குப் பிறகும் தண்டிலேயே காயவிட்டால் காம்பு இற்று, மெசின் தொட்டவுடன் பொத்தி உதிரும். களஞ்சியத்துக்கு 14 வீதத்துக்குக் கீழே வேண்டும். மிச்ச ஈரத்தை வெயிலில் காயவைத்துத்தான் இறக்க வேண்டும். நாவிதன்வெளிக்கு வரும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிற மாரியில் மெசின் வந்து சேருவதும் பாடு என்பதால், நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

*

நெல்லுக்கு வைத்த வேகத்திலேயே உள்ளே உள்ள சூடடிக்கும் உருளையைச் சுழலவிட்டால் சோளன் மணி வெடிக்கும். வேகத்தைக் குறைத்து, அடியிலுள்ள சல்லடைத் தட்டோடு உள்ள இடைவெளியைக் கூட்ட வேண்டும். உடைந்த மணியில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும்; அது உண்டாக்கும் அஃப்ளடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. நம் சோளனில் பெரும்பகுதி கோழித் தீனிக்குப் போகிறது. மீதியில் ஒரு பங்கு திரிபோஷவாகி, கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிறது. மெசினின் வேகத்தைக் குறைக்கும் ஒரு சிறு வேலையை நான் பெரிதாகப் பேசுவது இதனால்தான்.

*

ஹெட்டிலுள்ள உருளை ஒரு வினாடியில் ஏறத்தாழ 12 அடி தண்டை இழுக்கும். சிக்கிய தண்டைக் கையால் பிடித்து இழுப்பவர், விட வேண்டும் என்று நினைத்து விரலைத் திறப்பதற்குள் கை உள்ளே போய்விடும். என்ஜினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, உருளை நின்ற பின்புதான் கிட்டப் போக வேண்டும்.

*

நட்டத்தை நீங்களே எண்ணலாம். மெசின் போன இடத்தில் ஒரு சதுர அடிக்குள் சிந்திய மணிகளை எண்ணுங்கள். சராசரி இரண்டு மணி என்றால் ஏக்கருக்கு 25 கிலோ நிலத்தில் கிடக்கிறது. 21 அடிக்கு 21 அடி சதுரத்தில் முழுப் பொத்தி ஒன்று கிடந்தாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். பத்துப் பதினைந்து இடத்தில் பாருங்கள். மெசின் இறங்க முன்பும் ஒருமுறை பாருங்கள். காற்றிலும் படைப்புழு அரித்ததிலும் முன்பே விழுந்த பொத்தியை ஓட்டுநரின் கணக்கில் எழுதக் கூடாது.