ஆச்சி மனோரமா: தெரியுமா இதெல்லாம்?

மனோரமா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, தெரியுமா? 1937-ல் மன்னார்குடியில் பிறந்தபோது அவர் கோபிசாந்தா! மனோரமா என்ற பெயர் நாடகக் கொட்டகை கொடுத்த சீதனம்!

சரி, ‘ஆச்சி’ எங்கிருந்து வந்தது? காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்தவர் அவர். செட்டிநாட்டு வீடுகளில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அதையே தமிழ்நாடு மொத்தமும் சேர்ந்து அவருக்குச் சூட்டிவிட்டது!

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 12 வயதில் மேடையேறினார். பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றும் கைவந்த அந்தச் சிறுமிக்கு ஊர் தந்த பட்டம் ‘பள்ளத்தூர் பாப்பா’!

ஐந்து முதல்வர்களோடு நடித்தவர், தெரியுமா? அண்ணாவுடனும் கலைஞருடனும் நாடக மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி.ஆர். ஆகியோருடன் திரையில்!

முதல் படம் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958). அதிலேயே நகைச்சுவை வேடம்! ‘கொஞ்சும் குமரி’யில் (1963) கதாநாயகியாகவும் ஆனார். பிறகு வந்தது ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). சிவாஜி, பத்மினி என்ற இரண்டு இமயங்களுக்கு நடுவே ஜில் ஜில் ரமாமணியாக வந்து நம் மனசை அள்ளிக்கொண்டு போனாரே, மறக்க முடியுமா?

அதே 1968-ல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மெட்ராஸ் பாஷையில் ஒரு பாட்டுப் பாடி அதிரவைத்தார். 26 வருஷம் கழித்து, ஏ.ஆர்.ரகுமான் இசையில் ‘மே மாதம்’ (1994) படத்துக்கு மறுபடியும் மெட்ராஸைப் பாடினார். குரலில் அதே துள்ளல்! செட்டிநாட்டில் வளர்ந்தவர் வாயில் சென்னை எப்படித்தான் இப்படிக் குடியேறியதோ!

இது தெரிந்தால் கண் கலங்கும்: மகளை வளர்க்க, வீட்டு வேலை செய்தவர் அவருடைய அம்மா. ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் மனோரமா ஏற்றதோ வேலைக்காரி கண்ணம்மா! வீட்டு மனுஷர்களையே வாயடைக்க வைக்கும் கண்ணம்மாவுக்குத் தியேட்டரே கைதட்டியது!

‘புதிய பாதை’க்கு (1989) தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ, 1000 படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்! எழுபதைத் தாண்டிய வயதிலும் ‘அருந்ததி’ (2009) தெலுங்குப் படத்தில் மிரட்டினார்!

2015 அக்டோபர் 10-ல் ஆச்சி மறைந்தார். ஆனால் இன்றைக்கும் டி.வி.யில் கண்ணம்மா வாயைத் திறக்கட்டும். அடுப்படியில் இருப்பவர்கூடக் கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வருவார். ஏன் தெரியுமா? அங்கே பேசுவது நம் வீட்டுக் குரல்!